உத்தியோகம் விட்ட கணக்கர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஏறிப் பேசும் தகுதி எனக்கு உண்டென்று நான் என்றும் எண்ணியதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வேயின் கணக்குப் பிரிவில் எழுத்தராய் அமர்ந்தவன் நான். விழாவன்று நாற்காலிகளை வரிசையிடுவதும், பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதும், மறுநாள் உட்கார்ந்து வரவு செலவு எழுதுவதுமே எனக்குப் பழக்கமான தொண்டு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "நீங்கள் கணக்கெழுதுபவர், ஆகவே ஒரு கணக்கரைப் பற்றியே பேசுங்கள்" என்று அன்புக் கட்டளை இட்டுவிட்டார். தட்ட முடியவில்லை. நான் பேச எடுத்துக்கொண்டவர் தஞ்சையிற் பிறந்து, பம்பாயில் தணிக்கையாளராய்ப் பொருளீட்டி, பின்னர் நம் நாகபுரிக்கு அடுத்த வார்தாவில் வந்து அமர்ந்த ஜே. சி. குமரப்பா ஆவார்.

அவரைப் பற்றி இவ்வாண்டு நான் நினைக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிற் கூறிவிடுகிறேன்.

சென்ற கோடையில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. அவ்வீட்டார் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன், பெயர் சொல்லேன். அவ்வீட்டு மூத்த பிள்ளை பட்டயக் கணக்காளர் தேர்வில் தேறியவன். அவன் தேறிய நாளில் நம் தெருவெங்கும் இனிப்பு வழங்கப்பட்டதும், "நம் குடியிருப்புப் பிள்ளை" என்று நாமெல்லாம் நெஞ்சு நிமிர்த்தியதும் பலர்க்கும் நினைவிருக்கும். புனேயில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் மூன்றாண்டு வேலை பார்த்தான். கைநிறையச் சம்பளம். அந்த வேலையை விடப்போவதாக விடுமுறைக்கு வந்தவன் தாயிடம் கூறினான். விட்டுவிட்டு எங்கே போகிறான்? விருதுநகர் மாவட்டத்தில் மானாவாரி நிலத்தில் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் பயிரிடும் உழவர் சிலர் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கெழுதப் போகிறானாம். இப்போது பெறுவதில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே ஊதியம்.

இத்தகைய நிறுவனங்களைப் பற்றி நம்மிற் பலர் அறிந்திருக்க மாட்டோம். நானும் அவன் சொல்லித்தான் அறிந்தேன். 2002ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம் முதற்கொண்டே, பத்து உழவர் ஒன்றுகூடினாலே ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொள்ளலாம். விளைந்ததைத் தரகர் கேட்ட விலைக்குத் தனித்தனியே விற்காமல், சேர்த்துவைத்து, தூற்றிப் புடைத்து, உமி நீக்கி, நல்ல விலை வரும்போது விற்கலாம். ஆனால் கம்பெனி என்று பெயர் பெற்றுவிட்டால் ஆண்டுதோறும் ஐந்தொகை தீட்ட வேண்டும், தணிக்கை நடைபெற வேண்டும், குறித்த நாளுக்குள் பதிவாளர்க்குக் கணக்கு அனுப்ப வேண்டும், தவறினால் தண்டம். உழவர்க்கு உழத் தெரியும், விதைக்கத் தெரியும், பேரேடு தெரியாது. தெரிந்தவர் அவ்வூரில் தங்குவதில்லை. "அதற்குத்தான் போகிறேன்" என்றான் பையன்.

தந்தையார் என் நண்பர். "நீ போய் நாலு வார்த்தை சொல்லேன், உன் பேச்சைக் கேட்பான்" என்று என்னை அனுப்பினார். அறிவுரை கூறப் போனேன். நிலையான வருவாயின் அருமை, தங்கையின் படிப்பு, தந்தைக்கு வரும் ஓய்வுநாள் என்றெல்லாம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டான். முடிவில், "மாமா, நீங்கள் இந்த வேலையில் விரும்பியா சேர்ந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டான். துடுக்காகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவே கேட்டான். எனக்கு விடை வரவில்லை. என் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு இவ்வேலை கிடைத்தது. கிடைத்த நாளில் என் தாய் அழுத அழுகை மகிழ்ச்சியா துயரமா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. அந்த நிலையில் விருப்பம் என்ற சொல்லுக்கு எங்கே இடம்?

வீடு திரும்பும் வழியில் குமரப்பாவின் நினைவு வந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நாம் ஏறும் சென்னை வண்டி, நாகபுரியை விட்ட சுமார் ஒரு மணி நேரத்தில் சேவாகிராம் நிலையத்தைக் கடக்கிறது. நம்மவர் பெரும்பாலோர் அவ்வேளையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம். அங்கிருந்து வார்தா நகருக்குட் சென்றால் மகன்வாடி என்னும் இடம். (மகன் என்பது இங்கே நம் தமிழ்ச் சொல் அன்று, காந்தியடிகளின் உறவினரான மகன்லால் காந்தியின் பெயர் அது.) நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்குள்ள காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றேன். 1938ஆம் ஆண்டு இறுதியில் காந்தியடிகள் திறந்துவைத்த காட்சிசாலை அது. இராட்டைகளையும் சிற்றூர்த் தொழிற்கருவிகளையும் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தனர். இந்த இடத்தை நடத்தியவர் ஒரு தமிழர் என்று நான் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

அவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கர்னீலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். பிள்ளையை இலண்டனுக்கு அனுப்பிக் கணக்கியல் படிக்க வைத்தனர். முதல் உலகப்போர் முடிந்தபின் தாயின் விருப்பத்திற்கிணங்க நாடு திரும்பியவர், பம்பாயில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து தணிக்கை நிறுவனம் நடத்தினார். உடையும் உணவும் பழக்கமும் அனைத்தும் மேனாட்டு முறை. பம்பாயில் அக்காலத்தில் ஒரு தமிழர்க்கு இதைவிட உயர்ந்த நிலை வாய்ப்பது அரிது. நம் குடியிருப்பில் அவர் வாழ்ந்திருந்தால் பெண் கொடுப்போர் வரிசையில் நின்றிருப்பர்.

1927ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று மேலும் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்னும் பொருளியற் பேராசிரியர் அவர்க்கு வாய்த்தார். இந்தியா ஏன் வறுமையில் கிடக்கிறது என்பது பற்றி இவர் ஆற்றிய உரையொன்று நாளிதழில் வெளிவர, அதைக் கண்ட பேராசிரியர், அரசாங்கத்தின் வரவு செலவைக் கொண்டே அவ்வறுமையின் காரணத்தை ஆராயுமாறு தூண்டினார். இங்கேதான் அவர் வாழ்வு திரும்பிற்று என்பது என் எண்ணம். காந்தியடிகளைக் கண்டபின் மாறினார் என்றே பலரும் எழுதுவர். ஆனால் அவரை முதலில் உலுக்கியது ஒரு கணக்கு. தன் நாட்டு அரசாங்கத்தின் பேரேட்டைத் தணிக்கையாளர் கண்கொண்டு பார்த்தார். உழவன் கொடுத்த வரி எங்கே போயிற்று என்று தேடினார். படைக்கும், கடனுக்கும், மேலதிகாரிகளின் சம்பளத்துக்கும் பெரும்பகுதி போயிருந்தது. பற்று யார் பெயரில், வரவு யார் பெயரில் என்று பார்க்கத் தெரிந்தவன் அதைக் கண்டபின் பழையபடி உறங்க முடியாது.

1929ஆம் ஆண்டு நாடு திரும்பிய அவர் தம் ஆராய்ச்சியை அச்சிட விரும்பினார். காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர் கூறினர். மே 9ஆம் நாள் சபர்மதிக்குச் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே போய்விட்ட அவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருக்கக் கண்டு, கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்து நின்றார். அம்முதியவர் தலை நிமிர்ந்து, குமரப்பா தாமா என்று வினவிய பிறகுதான் தாம் காண வந்தவர் அவரே என்று உணர்ந்தார். மடிப்புக் கலையாத மேனாட்டு உடையோடு அந்தத் தரையில் அமர்ந்தார். ஆராய்ச்சியை 'யங் இந்தியா' இதழில் வெளியிடக் காந்தியடிகள் இசைந்தார். அத்துடன் நில்லாமல், குஜராத்தின் சிற்றூர்களை ஆராய்ந்து தருமாறும் கேட்டுக்கொண்டார். இவரோ குஜராத்தி அறியாதவர். இவருடைய கோலத்தைக் கண்ட வித்யாபீடத்தார், இவர் எங்கே புழுதியில் நடக்கப் போகிறார் என்று ஐயுற்றுத் தட்டிக் கழித்தனர். இவரும் மனம் நொந்து பம்பாய்க்குத் திரும்பினார். காந்தியடிகள் தலையிட்ட பிறகே காரியம் நடந்தது. கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் வருவாயையும் செலவையும் கடனையும் கேட்டு எழுதினார். கர்னீலியஸ் என்ற பெயர் நீங்கிப் பாட்டனாரின் பெயரான குமரப்பா நிலைத்தது. கோட்டு நீங்கிக் கதர் வந்தது.

அன்பர்களே, இதன்பின் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். உத்தியோகம் விட்டார், உண்மை. தொழிலை விட்டாரா? ஒருநாளும் விடவில்லை. 1931ஆம் ஆண்டில், இந்தியாவின் பெயரில் எழுதப்பட்டிருந்த பொதுக் கடனில் இந்தியா உண்மையிலேயே பட்ட கடன் எவ்வளவு, இங்கிலாந்து தன் நலனுக்காகப் போர் நடத்திவிட்டு நம் தலையில் கட்டிய கடன் எவ்வளவு என்று ஆராயக் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. அக்குழுவைக் கூட்டி நடத்திய பொறுப்பு குமரப்பாவினுடையது. முன்பு வணிகக் கம்பெனிகளைத் தணிக்கை செய்தவர், இப்போது ஒரு சாம்ராஜ்யத்தைத் தணிக்கை செய்தார்!

அதனினும் எனக்குப் பிடித்தது பீகார் நிகழ்ச்சி. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்தீர்ப்புப் பணிக்கு நாடெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது. அக்கணக்கைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவர்க்கு ஒரு நாள் உணவுச் செலவு மூன்று அணா என்று வரையறுத்தார். அப்போது காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களின் செலவைத் துயர்தீர்ப்பு நிதியிற் பற்றெழுத இயலாது என்று குமரப்பா தெரிவித்துவிட்டார். காந்தியடிகள் காரணம் கேட்டார். அப்பணம் வீடிழந்தோர்க்கென்று வந்தது, விருந்தினர்க்கென்று வந்ததன்று என்ற விளக்கத்தைக் கேட்டு ஏற்றுக்கொண்டார். நான் எழுத்தர் வேலை பார்ப்பவன். மேலதிகாரி பெயரில் வந்த பட்டியலில் ஒரு கேள்வி எழுதுவதற்கு எத்தனை மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் இந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அவ்வாண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியது. செயலாளரான குமரப்பா மகன்வாடியில் குடியேறினார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையாற் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்தார். 1942ஆம் ஆண்டு இயக்கத்திற் சிறை சென்று, ஜபல்பூர்ச் சிறையில் 'எக்கானமி ஆப் பெர்மனன்ஸ்' என்னும் நூலை எழுதினார். 1945இல் அது வெளிவந்தது. பிற்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதனில் தங்கினார். அங்கே அவர் அறையில் ஓர் ஏழை உழவனின் படம் இருந்தது. காந்தியடிகள் தமக்குத் தலைவர், அவ்வுழவன் தம் தலைவர்க்கும் தலைவன் என்று வந்தவர்க்குக் காட்டுவாராம். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையிற் காலமானார்.

இவ்வளவும் கேட்டபின் தாய்மார்கள் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். முன்வரிசையில் என் இல்லத்தரசியும் அமர்ந்திருக்கிறாள். அவள் முகத்திலேயே தெரிகிறது. "குமரப்பாவுக்குப் பெண்டு பிள்ளை உண்டா?" இல்லை. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளாதவர். இதை மறைத்துவிட்டு அவர் தியாகத்தைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. சிறை சென்றாலும் வாடகைக்கு யாரும் கதவைத் தட்டாத நிலை அவர்க்கு இருந்தது. நம் நிலை அதுவன்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வயதில் நானும் ஒரு பணிவிலகல் கடிதம் எழுதினேன். கோவில்பட்டிப் பக்கத்தில் தந்தை விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. அதிற் பாடுபட்டுக்கொண்டு, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகட்கு மாலைநேரம் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்வது என்பது என் கனவு. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றேன். திரும்பி வந்தபோது அதன் பக்கத்தில் வீட்டுச் செலவு நோட்டு திறந்திருந்தது. என் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. பால், மளிகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் பணம், தாயின் மருந்து என்று எழுதிக் கூட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். இரயில்வே வீட்டைக் காலி செய்தால் வேறு வீட்டுக்கு வாடகை என்று புதிதாய் ஒரு வரியும் சேர்த்திருந்தாள்; அது எனக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தைக் கிழித்தேன். அவள் தடுத்தாள் என்று சொல்லமாட்டேன். அவள் போட்ட கணக்கு சரியாயிருந்தது; நான் கணக்கே போடவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட வெட்கம் வேறென்ன?

இன்றும் அக்கடிதம் கனவில் வருவதுண்டு. இருந்தாலும், கிழித்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. மதுரையில் கண் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அரசுப் பணியை முழுமையாய்ச் செய்து, 58 வயதில் ஓய்வு பெற்ற பின்னரே, 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க இயன்றவர் கொடுக்கும் பணத்தைக் கொண்டே இயலாதவர்க்கும் கண்ணொளி தரும் ஏற்பாடு அது. அவரும் மணம் செய்துகொள்ளாதவர்தாம். ஆயினும் பாதியில் விடுவது ஒரு வழி, முடித்துவிட்டுத் தொடங்குவது மற்றொரு வழி என்பதற்கு அவரைச் சான்றாகக் கொள்கிறேன். நம் இரயில்வேயிலும் பழைய ஓய்வூதிய விதிக்கு உட்பட்டோர் 20 ஆண்டு தகுதிப் பணி நிறைந்தபின் மூன்று திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து சேர்ந்தோர்க்கு ஓய்வூதிய ஏற்பாடு வேறு. அவர்கள் தத்தம் விதியைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை காத்தால் எனக்கும் ஒரு நாள் வரும். அதுவரை ஞாயிறு தமிழ் வகுப்பு இருக்கிறது. அவ்வகுப்பில் 'ழ'கரம் நாவில் ஏறிய ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது, கரிசல் நிலம் சற்று அருகே வந்ததுபோல் இருக்கும்.

இனிப் பையனிடம் வருகிறேன். மறுநாள் மாலை மீண்டும் அவன் வீட்டுக்குப் போனேன். இம்முறை அறிவுரை எடுத்துச் செல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துச் சென்றேன். "தம்பி, நீ பட்டயக் கணக்காளன். பிறர் கம்பெனிக்கு ஐந்தொகை தீட்டுகிறாய். உன் வாழ்வுக்கு ஒன்று தீட்டு. உன்னை நம்பி இருப்பவர் யார், அவர்க்கு எதுவரை எவ்வளவு வேண்டும், உன் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும், எல்லாம் எழுது. தொகை சரியாய் வந்தால் உன் தந்தையிடம் நானே பேசுகிறேன்" என்றேன். என் மனைவி எனக்குச் செய்ததையே நான் அவனுக்குச் செய்தேன். வேறு வித்தை எனக்குத் தெரியாது.

மூன்று நாள் கழித்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவன் படிப்புக்கென்று தந்தை வருங்கால வைப்பு நிதியில் எடுத்த பணம் முதல் வரியிலேயே பற்றாக நின்றது. தங்கையின் படிப்பு முடிய இரண்டாண்டு. அதற்குரிய தொகையைத் தன் சேமிப்பிலிருந்து தனியே ஒதுக்கியிருந்தான். தாய்தந்தையர்க்கு மருத்துவம் இரயில்வேயில் உண்டு என்பதையும் மறக்கவில்லை. ஆறு திங்கள் கழித்துப் போனால் தொகை சரியாகிறது, இன்றே போனால் சரியாகவில்லை என்று அவனே முடிவு எழுதியிருந்தான். திருமணச் செலவு என்ற தலைப்பில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். தாயார் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னடா?" என்றார். அவன் விழித்தான். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவ்வீட்டில் அந்த வாரத்தில் எழுந்த முதற் சிரிப்பு அது.

எல்லாப் பிள்ளைகளும் இவனைப்போல் வேலையை விட வேண்டும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக் காலை என் வீட்டு வாசலில் எத்தனை தந்தைமார் நிற்பர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. நம் முன்னோர் பிழைப்புத் தேடி இவ்வளவு தொலைவு வந்தவர்கள். தாளாத குளிரிலும் தீயாய்ச் சுடும் இந்த நாகபுரி வெயிலிலும் நின்று, பிள்ளைக்கு நிலையான வேலை என்ற ஒன்றையே தெய்வமாய்ப் போற்றினார்கள். அந்தத் தெய்வம் நம்மைக் காத்தது; மறுக்கவில்லை. அதனால்தான் ஒரு பிள்ளை வேறு திசையை நோக்கினால் நமக்கு வயிறு பற்றி எரிகிறது. அவன் ஊர்சுற்றப் போகிறானா, கணக்கோடு போகிறானா என்று கேட்கக்கூட நமக்குப் பொறுமை இருப்பதில்லை. நானும் கேட்காமலேதான் முதல்நாள் போனேன்.

ஆறு திங்கள் நிறைவடைய இன்னும் மூன்று வாரம் உள்ளது. புனே நிறுவனத்துக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டான். வைப்பு நிதியில் தந்தை எடுத்த பணத்துக்கு ஈடாக, வாக்களித்தபடி மாதந்தோறும் அனுப்பியும் வந்திருக்கிறான். தந்தையார் இன்னும் முழுமனத்துடன் இசைந்துவிட்டார் என்று கூற முடியாது. இவ்விழாவுக்கும் அவர் வரவில்லை. ஆனால் நேற்று மாலை பால் வாங்கும் இடத்தில் அவரைக் கண்டேன். மகனுக்குச் சென்னை வண்டியில் இடம் பதிவு செய்து கொடுத்தவர் தாமே என்றார். கீழ்ப்படுக்கையாகக் கேட்டிருக்கிறாராம், வழியில் சேவாகிராம் வரும்போது பையன் எட்டிப் பார்க்க வசதியாய் இருக்குமென்று.